உற்றது உரைப்போர்

நுழையும்முன்

வீட்டு வாசலில் நின்று ஒருவர் வினவுகிறார்; மற்றொருவர் தமக்குத் தெரிந்ததை உண்மையாகச் சொல்கிறார். அவ்விடை ஏட்டில் பதிவாகிறது. அவ்வாறு பதிவான ஆயிரக்கணக்கான விடைகள் ஒன்றுசேரும்போது ஒரு நோயின் காரணம் மெல்லப் புலப்படுகிறது. மக்களின் உடல்நலத்தையும் அவர்கள் வாழும் சூழலையும் கேட்டறியும் ஆய்வு எவ்வாறு நடைபெறுகிறது, அதில் வினாவும் விடையும் பெறும் இடம் யாது, விடையளித்தவருக்கு ஆய்வாளர் பட்டுள்ள கடன் யாது என்பனவற்றை இப்பாடம் விளக்குகிறது.

ஓர் ஆறு, பல சூழல்கள்

பொதிகை மலையில் தோன்றும் தாமிரபரணி, பாபநாசத்தில் சமவெளியை அடைந்து, அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, திருநெல்வேலி, திருவைகுண்டம் ஆகிய ஊர்களின் வழியே ஏறத்தாழ 128 கி.மீ. பாய்ந்து, புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. கன்னடியன் கால்வாய், கோடகன் கால்வாய், பாளையங்கால்வாய் முதலியவை அதன் நீரை வயல்களுக்குக் கொண்டு சேர்க்கின்றன. கார், பிசானம் என்னும் இரு பருவங்களிலும் நெல் விளைகிறது. ஒரே ஆற்றின் நீரைக் குடித்து வாழ்ந்தாலும், இப்பள்ளத்தாக்கின் மக்கள் அனைவரும் ஒரே சூழலில் வாழ்வதில்லை.

நெல்வயலில் பூச்சிமருந்து தெளிப்பவரின் கைகளிலும் முகத்திலும் மருந்துத் துளிகள் படிகின்றன. முக்கூடல், ஆலங்குளம், கடையம் வட்டாரங்களில் மடியில் சுளகு ஏந்திப் பீடி சுற்றும் பெண்கள், நாள்தோறும் புகையிலைத் தூளின் நடுவே அமர்ந்திருக்கின்றனர். விறகடுப்பில் சமைப்பவர் புகையைச் சுவாசிக்கிறார். செங்கற்சூளையில் உழைப்பவர் வெப்பத்தையும் தூசியையும் தாங்குகிறார். நகரச் சாலையோரத்தில் கடை வைத்திருப்பவர் ஊர்திப் புகைக்கு நடுவே பகல் முழுவதும் நிற்கிறார். காற்று, நீர், தூசி, வேதிப்பொருள், வெப்பம் ஆகியவற்றோடு உடல் கொள்ளும் இத்தகைய உறவைச் ‘சூழல் தொடர்பு’ என இப்பாடத்தில் குறிப்பிடலாம்.

ஒருவருக்கு இருமல் வந்தால் மருத்துவர் அவரைப் பரிசோதித்து மருந்து தருவார். ஆனால், ஒரு தெருவில் பலருக்கும் இருமல் வருவது ஏன் என்னும் வினாவுக்கு ஒரு நோயாளியின் உடலில் மட்டும் விடை தேட முடியாது. பலரிடம் சென்று, அவர்கள் என்ன தொழில் செய்கிறார்கள், எந்நீரைக் குடிக்கிறார்கள், எவ்வடுப்பில் சமைக்கிறார்கள், எத்தனை ஆண்டுகளாக அங்கு வாழ்கிறார்கள் என்றெல்லாம் கேட்டறிந்து, நோயுற்றோரையும் நோயற்றோரையும் ஒப்பிட வேண்டும். இதுவே உடல்நலக் கள ஆய்வின் அடிப்படை.

அஞ்சலில் சென்ற வினாநிரல்

இத்தகைய ஆய்வின் ஆற்றலை உலகிற்கு உணர்த்திய நிகழ்வு ஒன்று 1951ஆம் ஆண்டு பிரிட்டனில் நடந்தது. நுரையீரல் புற்றுநோய் அந்நாட்டில் பெருகிவந்த காலம் அது. ரிச்சர்டு டால், ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் என்னும் இரு ஆய்வாளர்கள், தம் நாட்டின் மருத்துவர்கள் ஏறத்தாழ 60,000 பேருக்குச் சிறிய வினாநிரல் ஒன்றை அஞ்சலில் அனுப்பினர். புகைபிடிக்கும் பழக்கம் உண்டா, எவ்வளவு, எப்போது தொடங்கியது என்பன போன்ற எளிய வினாக்களே அதில் இருந்தன. 40,000க்கும் மேற்பட்டோர் தாமாகவே விடையெழுதி அனுப்பினர்.

ஆய்வாளர்கள் அவர்களைத் தொடர்ந்து கண்காணித்தனர். மூன்றே ஆண்டுகளில், 1954இல், புகைபிடிப்போரிடையே நுரையீரல் புற்றுநோயால் இறப்போர் மிகுதி என்பது தெரியவந்தது. ஆய்வு ஐம்பது ஆண்டுகள் நீடித்தது. வாழ்நாள் முழுவதும் சிகரெட் புகைப்போர், புகைக்காதவரைவிடச் சராசரியாகப் பத்து ஆண்டுகள் முன்னதாகவே இறக்கின்றனர் என்று 2004இல் வெளியான அதன் முடிவு கூறியது. விடையளித்த மருத்துவர்களுள் பலர் அம்முடிவைக் காண உயிரோடு இல்லை. எனினும், அவர்கள் எழுதியனுப்பிய சில வரிகள் உலகெங்கும் எண்ணற்ற உயிர்களைக் காக்கும் அறிவாக மாறின.

தென்மாவட்டங்களில் ஒரு கண் ஆய்வு

மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் பதினொரு படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1988இல் திருநெல்வேலியிலும் கிளை அமைத்தது. அந்நிறுவனம் 1990களில் மதுரை, திருநெல்வேலி, தூத்துக்குடி ஆகிய மூன்று மாவட்டங்களின் ஊரகப் பகுதிகளில் விரிவான கண் ஆய்வு ஒன்றை நடத்தியது. ஐம்பது ஊர்த்தொகுதிகளிலிருந்து 40 வயதும் அதற்கு மேலும் ஆன 5,150 பேர் அதில் பங்கேற்றனர். அவர்களுடைய கண்கள் முழுமையாகச் சோதிக்கப்பட்டன. வயது, கல்வி, புகையிலைப் பழக்கம், பிற நோய்கள் முதலியவை பதிவு செய்யப்பட்டன.

மருத்துவமனைக்கு வருவோரை மட்டும் எண்ணினால் போதாதா என்னும் ஐயம் எழலாம். மருத்துவமனைக்கு வருபவர் நோயை உணர்ந்தவர்; வருவதற்கு வசதியும் துணையும் உள்ளவர். பார்வை மங்கியது முதுமையின் இயல்பு எனக் கருதித் திண்ணையிலேயே அமர்ந்துவிட்ட மூதாட்டி அக்கணக்கில் இடம்பெற மாட்டார். இலவச முகாமுக்கு வருவோரை மட்டும் எண்ணினாலும் இதே குறை நேரும். ஆகவேதான், ஊர்த்தொகுதிகளைத் தேர்ந்தெடுத்து, அங்கு வாழ்வோரைத் தேடிச்சென்று பங்கேற்க அழைக்கும் முறை பின்பற்றப்படுகிறது.

பங்கேற்ற 5,150 பேருள் 2,449 பேருக்கு, அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ 48 பேருக்கு, கண்புரை இருந்தது. வயது கூடக்கூடக் கண்புரை மிகுந்தது. புகைபிடிப்போரிடமும் உடல் மெலிந்தோரிடமும் கண்வில்லையின் நடுப்பகுதியில் உண்டாகும் புரை கூடுதலாகக் காணப்பட்டது. அதன் புறப்பகுதியில் உண்டாகும் புரை உயர் இரத்த அழுத்தத்தோடு தொடர்புற்றிருந்தது. எழுத்தறிவற்றோரிடம் எல்லா வகைப் புரைகளும் மிகுதியாக இருந்தன.

இவற்றுள் இறுதியில் சொல்லப்பட்டது எண்ணிப் பார்க்கத்தக்கது. எழுத்தறியாமை கண்வில்லையை மங்கச் செய்யாது. ஆனால், பள்ளிக்குச் செல்ல இயலாதவர் இளமையிலிருந்தே வெயிலில் உழைத்திருக்கலாம். ஊட்டமான உணவைப் பெறாதிருந்திருக்கலாம். அடுப்புப் புகையில் நெடுங்காலம் வாழ்ந்திருக்கலாம். ஒன்றோடு ஒன்று சேர்ந்து காணப்படுவது வேறு; ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாவது வேறு. இவ்வேறுபாட்டை உணர்வதே ஆய்வு அறிவின் முதற்படி எனலாம்.

வினா ஆறு, விடை எட்டு

பவணந்தி முனிவர் நன்னூலில் வினா ஆறு வகைப்படும் எனவும் விடை எட்டு வகைப்படும் எனவும் வகுத்துள்ளார். தான் அறியாததை அறிந்துகொள்ளக் கேட்பது அறியா வினா. கள ஆய்வாளர் கேட்பன யாவும் அறியா வினாக்களாகவே அமைதல் வேண்டும். “சூளைப் புகையால்தானே உங்களுக்கு இருமல் வந்தது?” என்று கேட்பவர், விடையைத் தாமே முடிவு செய்துகொண்டு கேட்கிறார். மரியாதை கருதிப் பலரும் “ஆமாம்” என்றே சொல்லிவிடுவர். “உங்களுக்கு இருமல் உண்டா? எப்போதிலிருந்து? எந்த நேரத்தில் மிகுகிறது?” எனத் தனித்தனியே கேட்பதே முறை.

விடையின் வகைகளை அறிவதும் ஆய்வாளருக்கு இன்றியமையாதது. வினாநிரலில் பெரும்பாலும் ‘ஆம்’, ‘இல்லை’ என்னும் நேர் விடைக்கும் மறை விடைக்கும் மட்டுமே இடம் இருக்கும். மக்களோ எட்டு வகையாகவும் விடை சொல்வர். “பீடி புகைப்பீர்களா?” என்று கேட்டால், “வெற்றிலையோடு புகையிலை போடுவேன்” என்பார் ஒருவர், இஃது இனமொழி விடை. ‘இல்லை’ என்று குறித்துக்கொண்டு நகர்ந்தால், புகையிலை அவர் உடலுக்குள் செல்லும் செய்தி விடுபட்டுப் போகும். “மருந்து தெளிக்கும்போது கையுறை அணிவதில்லையா?” என்று கேட்டால், “அணிந்தபோது கை வெந்து கொப்புளம் வந்தது” என்பார் மற்றொருவர்; இஃது உற்றது உரைத்தல் விடை. கையுறை அணியாமைக்கான காரணமும் அதனைத் தீர்க்கும் வழியும் அவ்விடைக்குள்ளேயே உள்ளன.

கேட்கும் சொல்லும் மக்கள் வழங்கும் சொல்லாக இருத்தல் வேண்டும். ‘ஆஸ்துமா உண்டா?’ என்றால் ‘இல்லை’ என்பவர், ‘இழுப்பு உண்டா?’ என்றால் ‘குளிர்காலத்தில் வரும்’ எனக் கூறலாம். புகைப்பழக்கம் பற்றி மட்டும் வினவினால், ஒருநாளும் புகைபிடிக்காத பீடி சுற்றும் பெண்ணின் புகையிலைத் தொடர்பு வெளிப்படாது. “வீட்டில் பீடி சுற்றும் வேலை உண்டா? எந்த அறையில் சுற்றுகிறீர்கள்? தூளையும் இலையையும் எங்கே வைக்கிறீர்கள்? குழந்தைகள் எங்கே உறங்குகின்றனர்?” என்ற வினாக்களே உண்மையை வெளிக்கொணரும். அவ்வூரின் வாழ்வை அறியாதவரால் இவ்வினாக்களை எழுத இயலாது.

> தெரிந்து தெளிவோம்
>
> கேரளத்தின் கருநாகப்பள்ளிக் கடற்கரை மணலில் மோனசைட் என்னும் கனிமம் உள்ளது. அதிலுள்ள தோரியத்தால் அங்கு இயற்கைக் கதிர்வீச்சு மிகுதி. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியிலும் இத்தகைய மணல் உண்டு. கருநாகப்பள்ளியில் 1990இல் வீடுவீடாகத் தொடங்கப்பட்ட ஆய்வு, ஏறத்தாழ 3,85,000 பேரின் விவரங்களைத் திரட்டியது. வீட்டின் உள்ளும் புறமும் கதிர்வீச்சு அளக்கப்பட்டது. ஒவ்வொருவரும் வீட்டுக்குள் செலவிடும் நேரமும் கேட்கப்பட்டது. அவர்களுள் 30 முதல் 84 வயது வரையுள்ள ஏறத்தாழ 70,000 பேரை 2005 வரை கண்காணித்ததில், இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் மிகுந்ததற்கான சான்று கிடைக்கவில்லை.

நினைவுக்கு ஊன்றுகோல்

சூழலால் விளையும் நோய்கள் பல, நீண்ட ஆண்டுகளுக்குப் பின்னரே வெளிப்படும். எனவே, “முப்பது ஆண்டுகளுக்கு முன் எந்நீரைக் குடித்தீர்கள்?” என்பது போன்ற வினாக்களை ஆய்வாளர் கேட்க நேர்கிறது. மனித நினைவு ஆண்டுகளை எண்களாகச் சேமிப்பதில்லை. ‘1991’ என்று கேட்டால் தயங்கும் முதியவர், “பெருவெள்ளத்துக்கு முன்பா, பின்பா?” என்றால் உடனே விடை சொல்வார். தாமிரபரணிக் கரையில் 1992 நவம்பர் வெள்ளமும் 2023 டிசம்பர் வெள்ளமும் எவரும் மறவாத எல்லைக்கற்கள். மூத்த மகளின் திருமணம், வீட்டுக்கு மின்னிணைப்பு வந்த நாள், தெருக்குழாய் வந்த ஆண்டு, பிசான அறுவடை ஆகியனவும் அத்தகையனவே. இவற்றை வரிசைப்படுத்தி ஊருக்கு ஒரு நிகழ்வு நாட்காட்டியை உருவாக்கிக்கொண்டு கேட்பது கள ஆய்வாளர் கையாளும் முறையாகும்.

நினைவில் மற்றொரு சிக்கலும் உண்டு. நோயுற்றவர், தமக்கு இது ஏன் நேர்ந்தது எனப் பலமுறை எண்ணிப் பார்த்திருப்பார். ஆதலால், பழைய நிகழ்வுகள் அவருக்கு நன்கு நினைவிருக்கும். நலமாக இருப்பவருக்கு அவற்றை எண்ணிப் பார்க்க வேண்டிய தேவையே எழுந்திராது. இருவரின் விடைகளையும் அப்படியே ஒப்பிட்டால் முடிவு பிழைபடும். இக்குறையைத் தவிர்ப்பதற்காகவே, நோய் வருமுன் விடைகளைப் பதிவு செய்து, பின் ஆண்டுக்கணக்கில் கண்காணிக்கும் முறையை ஆய்வாளர் போற்றுகின்றனர்.

சொல்லோடு அளவும்

விடைகளோடு கருவிகளின் அளவும் சேரும்போது ஆய்வு வலுப்பெறுகிறது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் 1,285 கர்ப்பிணிகளிடம் நடத்திய ஆய்வு இதற்குச் சான்று. அப்பெண்கள் சுவாசித்த காற்றிலுள்ள நுண்துகள்களின் அளவு கணிக்கப்பட்டது. பிறந்த குழந்தைகளின் எடை பதிவு செய்யப்பட்டது. ஒரு கனமீட்டர் காற்றில் நுண்துகள் 10 மைக்ரோகிராம் கூடும்போது, குழந்தையின் பிறப்பு எடை சராசரியாக 4 கிராம் குறைகிறது என்பது 2018இல் வெளியான முடிவு. ஒரு குழந்தைக்கு 4 கிராம் என்பது சிறிதாகத் தோன்றலாம். அடுப்புப் புகையில் நுண்துகள் பல மடங்கு உயர்வதையும், ஒரு மாநிலத்தில் ஆண்டுதோறும் பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கையையும் எண்ணினால் அதன் பொருள் விளங்கும்.

இதனைத் தொடர்ந்து, விறகடுப்புக்கு மாற்றாக எரிவாயு அடுப்பைத் தந்தால் குழந்தையின் எடை கூடுமா என்று நேரடியாகவே சோதிக்கப்பட்டது. இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் நாட்டுக்கு 800 பேராக 3,200 கர்ப்பிணிகள் அதில் பங்கேற்றனர். இந்தியாவில் விழுப்புரம், நாகப்பட்டினம் பகுதிகளின் பெண்கள் முன்வந்தனர். எரிவாயு பெற்ற பெண்கள் சுவாசித்த நுண்துகள், மற்றவர் சுவாசித்ததில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. ஆயினும், குழந்தைகளின் பிறப்பு எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை என்று 2022இல் முடிவு வெளியாயிற்று. எதிர்பார்த்தது நிகழவில்லை என்பதை மறைக்காமல் வெளியிட்டதும் அறிவியலின் அறமே. அடுப்பை எப்போது மாற்ற வேண்டும், வேறு எவற்றைச் சீர்செய்ய வேண்டும் என்னும் அடுத்த வினாக்கள் அதிலிருந்தே பிறக்கின்றன.

ஒப்புதல் என்னும் அறம்

விடை சொல்பவர் சிறிது நேரத்தை மட்டும் தருவதில்லை. தம் நோயையும் வறுமையையும் பழக்கங்களையும் அறிமுகமற்ற ஒருவர் முன் திறந்து வைக்கிறார். “இருமல் உண்டு என்று சொன்னால் வேலை போய்விடுமோ?”, “கிணற்று நீர் கெட்டது என்று எழுதினால் எங்கள் ஊரில் பெண் எடுக்க எவரும் வராரோ?” என்றெல்லாம் அச்சம் எழுவது இயல்பு. அச்சமுற்றவர் உண்மையை மறைப்பார். மறைத்த விடைகளால் ஆய்வே பொய்த்துப்போகும். ஆகவே, பங்கேற்பவரைக் காப்பது அறமாவதோடு அறிவியலின் தேவையும் ஆகிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட நெறிமுறைகள் இதற்கு வழிகாட்டுகின்றன. ஆய்வின் நோக்கம், பயன், தீங்கு நேர வாய்ப்பு ஆகியவற்றைப் பங்கேற்பவரின் மொழியில் விளக்கிய பின்னரே அவரது ஒப்புதலைப் பெற வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் எனில், நடுநிலையான சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும். எந்நிலையிலும் காரணம் கூறாமலே விலகிக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு. விலகுவதால் அவர் பெற வேண்டிய மருத்துவ உதவி குறைதல் கூடாது. பதினெட்டு வயது நிரம்பாதோரைப் பொறுத்தவரை, பெற்றோரின் ஒப்புதல் மட்டும் போதாது. 12 முதல் 18 வயது வரையுள்ளோர் தம் இசைவையும் எழுத்து வடிவில் தர வேண்டும். பதினோராம் வகுப்பு மாணவர் ஒருவரிடம் அவரைக் கேளாமல் ஆய்வு நடத்த எவருக்கும் உரிமை இல்லை என்பது இதன் பொருள்.

ஆய்வைத் தொடங்குமுன் அறநெறிக் குழு ஒன்று அதனை ஆராய்ந்து இசைவளிக்க வேண்டும். மருத்துவர்களோடு சட்டம் அறிந்தவரும், பொதுமக்கள் சார்பில் ஒருவரும் அக்குழுவில் இடம்பெறுவர். பெயரும் முகவரியும் விடைத்தாளிலிருந்து பிரிக்கப்பட்டு, எண்களாக மாற்றிப் பாதுகாக்கப்படும்.

விடை திரும்பும் வழி

கேட்டவர் விடையைப் பெற்றுச் சென்றுவிடுகிறார். முடிவு தொலைவிலுள்ள ஓர் ஆய்விதழில் வெளியாகிறது. விடை சொன்னவருக்கோ ஒன்றும் தெரிவதில்லை. பல ஆய்வுகளுக்கு நேரும் பெருங்குறை இது. இரத்த அழுத்தம் மிகுந்திருப்பது சோதனையில் தெரிந்தால், அதை அவரிடமே சொல்லி, ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கு வழிகாட்டுதல் ஆய்வாளரின் கடமை. குடிநீரில் குறை காணப்பட்டால், ஊராட்சிக்கும் ஊர்மக்களுக்கும் அவர்கள் புரிந்துகொள்ளும் சொற்களில் தெரிவித்தல் வேண்டும். கிராம சபைக் கூட்டம் அதற்கு ஏற்ற இடம். குறை ஏதும் காணப்படவில்லை எனினும் அதையும் சொல்ல வேண்டும். வீண் அச்சம் நீங்குவதும் ஒரு பயனே.

சுளகை இறக்கி வைத்துவிட்டு வினாக்களுக்கு விடை சொல்லும் பெண்ணுக்கு, அந்த அரைமணி நேரம் அன்றைய கூலியின் ஒரு பகுதி. தமக்குப் பயன் கிடைக்கும் என்னும் உறுதி ஏதுமின்றி அவர் அதைத் தருகிறார். அவர் மகளோ, அடுத்த ஊரில் அதே தொழில் செய்யும் ஒருத்தியோ நலமாக வாழ அது துணைபுரியலாம். உற்றதை உற்றவாறு உரைக்கும் அத்தகையோரின் சொல்லை உண்மையாகப் பதிந்து, தவறாமல் காத்து, பயனுடன் அவர்களிடமே கொண்டு சேர்ப்பது கேட்டவரின் கடன்.

சொல்லும் பொருளும்

வினாநிரல் – ஆய்வுக்காக வரிசைப்படுத்திய வினாக்களின் தொகுப்பு
சுளகு – முறம்
பிசானம் – தாமிரபரணிப் பகுதியின் பின்பருவ நெல் சாகுபடி
இழுப்பு – மூச்சிரைப்பு நோய்

இலக்கணக் குறிப்பு

விடையளித்தவர், உரைப்போர் – வினையாலணையும் பெயர்கள்
மறவாத எல்லைக்கற்கள் – எதிர்மறைப் பெயரெச்சம்
வினாவும் விடையும் – எண்ணும்மை

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரின் முதியோரிடம் கேட்டு, கடந்த நாற்பது ஆண்டுகளுக்குரிய நிகழ்வு நாட்காட்டி ஒன்றை உருவாக்குக.
2. உங்கள் தெருவில் குடிநீர்ப் பயன்பாட்டை அறிவதற்கான பத்து வினாக்களை எழுதுக. அவற்றுள் விடையை முன்கூட்டியே உணர்த்தும் வினா ஏதேனும் உள்ளதா என வகுப்பில் ஆராய்ந்து திருத்துக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

“பீடி புகைப்பீர்களா?” என்னும் வினாவுக்கு, “வெற்றிலையோடு புகையிலை போடுவேன்” எனக் கூறுவது
அ) மறை விடை  ஆ) இனமொழி விடை  இ) ஏவல் விடை  ஈ) உறுவது கூறல் விடை

குறுவினா

1. ‘சூழல் தொடர்பு’ என்பது யாது?
2. மருத்துவமனைக்கு வருவோரை மட்டும் கொண்டு நோயின் அளவைக் கணிப்பது ஏன் பிழைபடும்?

சிறுவினா

1. எழுத்தறியாமைக்கும் கண்புரைக்கும் உள்ள தொடர்பை எவ்வாறு புரிந்துகொள்ள வேண்டும்?
2. பழைய நிகழ்வுகளைக் கேட்டறிவதில் நேரும் சிக்கல்களையும் அவற்றைக் களையும் வழிகளையும் எழுதுக.

நெடுவினா

‘பங்கேற்பவரைக் காப்பது அறமாவதோடு அறிவியலின் தேவையும் ஆகிறது’ – இக்கூற்றைப் பாடப்பகுதியின் சான்றுகளுடன் நிறுவுக.